கண்கட்டிக் கேட்கும் ஆட்டம்: பெயரில்லாத 6 ஜாஸ் பதிவுகள், ஊகமும் நட்சத்திரமும்

#1 ஒலிநாடா (ஆட்டத்தை நடத்துபவர்)

ஆறு ட்ராக். யார் வாசிக்கிறார்கள், எந்த ஆண்டு, எந்த லேபிள் என்று எதுவும் சொல்ல மாட்டேன். கேட்டுவிட்டு மூன்று விஷயம் எழுதுங்கள். முதலில் 5-க்கு எத்தனை நட்சத்திரம் (அரை நட்சத்திரமும் போடலாம்). அடுத்து ஊகம். கடைசியில் அந்த ஊகத்துக்கு எப்படி வந்தீர்கள் என்பது. வரிசையை மாற்ற வேண்டாம். பெயர் மனதில் விழுந்த பிறகு போடும் நட்சத்திரம் இசைக்குப் போகாது, பெயருக்குத்தான் போகும்.

பாட்டைக் கண்டுபிடித்துத் தரும் செயலிகள் கூடாது. ட்ராக்கின் நீளத்தை வைத்து டிஸ்காகிராஃபியில் (கலைஞரின் பதிவுப் பட்டியலில்) தேடுவதும் கூடாது. அதைத் தடுக்கவே ஒவ்வொரு ஃபைலின் முடிவிலும் வெவ்வேறு அளவு வெற்று இடம் சேர்த்திருக்கிறேன். ஒரு பதிவை முன்பே அறிந்தவர்கள் "தெரியும்" என்று மட்டும் எழுதி, அந்த ட்ராக்கை மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

தயாரிப்பு பற்றி, அடுத்து நடத்தப்போகிறவர்களுக்காக: டேக்கை (ஃபைலில் எழுதியிருக்கும் பெயர் விவரத்தை) அழித்தால் மட்டும் போதாது. ஃபைலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் அட்டைப்படம், குறிப்புப் புலம், பழைய ஃபைல் பெயர் எல்லாமே காட்டிக்கொடுக்கும். ஆறையும் வேவ் ஃபைலாக்கி, புதிதாக ஃபிளாக் ஃபைல் செய்து, 1 முதல் 6 வரை எண் மட்டும் கொடுத்தேன். சத்தத்தை எல்லாவற்றுக்கும் மைனஸ் 18 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவில் சமப்படுத்தினேன். இரண்டு டெசிபெல் கூடினாலே காது அதை "நல்ல வாசிப்பு" என்று எடுத்துக்கொள்ளும். மைனஸ் 14 வைத்திருந்தால் ட்ராக் 5-இன் உச்சங்களை லிமிட்டர் நசுக்கியிருக்கும், அதனால் அந்த வழியை எடுக்கவில்லை. ட்ராக் 6-இன் கீறல் இரைச்சலைச் சுத்தம் செய்யவில்லை. இரைச்சல் நீக்கும் மென்பொருள் சிம்பலையும் சேர்த்துத் தின்றுவிடும். அப்புறம் ட்ரம்மரைக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது.

#2 புதுக்காது

ட்ராக் 1-ஐ மூன்று முறை கேட்டாகிவிட்டது. சாக்ஸஃபோன் என்பது தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

#3 ரைடு சிம்பல்

சோலோ வாசிப்பவரைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் சுற்றில் ட்ரம்ஸை மட்டும் கேளுங்கள். தாளம் எங்கே ஓடுகிறது? பேஸ் ட்ரம் நாலு அடியும் விழுந்து, ஹை-ஹேட் (காலால் இயக்கும் ஜோடிச் சிம்பல்) திறந்து மூடிக்கொண்டு போனால் ஸ்விங் காலத்து (1930-கள்) ஆள். ரைடு சிம்பலில் (தாளம் ஓட்டும் பெரிய ஒற்றைச் சிம்பலில்) தாளம் ஓட, பேஸ் ட்ரம் இடையிடையே மட்டும் வெடித்தால் அந்த முறையைக் கொண்டுவந்த ட்ரம்மர் கென்னி கிளார்க்குக்குப் பிந்தையவர்.

அடுத்தது ஆளின் கையெழுத்து. ஹை-ஹேட் 2-லும் 4-லும் கத்தரிக்கோல் மாதிரி வெட்டி, கோரஸ் (மெட்டின் ஒரு முழுச் சுற்று) முடிவில் நீண்ட பிரஸ் ரோல் (குச்சியை அழுத்தி உருட்டும் அடி) பொங்கி எழுந்தால் ஆர்ட் பிளேக்கி. நாலாவது அடியில் குச்சியைக் கிடத்தி ரிம்மில் (ட்ரம்மின் விளிம்பில்) ஒரு தட்டு தொடர்ந்து வந்தால் ஃபிலி ஜோ ஜோன்ஸ். மூன்று மூன்றாக உருண்டு, ஒன்றாம் அடி எங்கே என்று தேட வைத்தால் எல்வின் ஜோன்ஸ். டாம் ட்ரம்களே ஒரு மெட்டு பாடினால் எட் பிளாக்வெல்லையோ மேக்ஸ் ரோச்சையோ நினையுங்கள்.

இரண்டாம் சுற்று டபுள் பேஸுக்கு. தந்தி நரம்பா, எஃகா? நரம்பு என்றால் ஒலி "தும்" என்று பிறந்து உடனே அடங்கும். எஃகு நீண்டு பாடும். அது 1960-களில்தான் பரவியது. பேஸ் ஒலி ரப்பர் மாதிரி இழுபட்டு, மரத்தின் வாசனையே இல்லாமல் இருந்தால் பிக்கப் வழியாக நேரே மிக்ஸருக்குப் போயிருக்கிறது, அதாவது 1970-கள். மூன்றாம் சுற்றில் பியானோவோ கிட்டாரோ. நான்காவதில்தான் சாக்ஸ். அதற்குள் காலமும் ஊரும் ஓரளவு பிடிபட்டிருக்கும், தேட வேண்டிய பெயர்கள் நூறிலிருந்து பத்தாகக் குறைந்திருக்கும்.

#4 பழந்தட்டு

அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது: ஒலிப்பதிவு. டபுள் பேஸும் பேஸ் ட்ரம்மும் ஏறக்குறைய கேட்கவே இல்லை, எல்லாரும் ஒரு குழாய்க்குள் வாசிப்பது போலிருந்தால் 1925-க்கு முந்தைய ஒலிப்பதிவு. அந்த ஆண்டில்தான் மைக் வந்தது. 10 அங்குல 78 தட்டில் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) சுமார் 3 நிமிடம்தான் கொள்ளும், 12 அங்குலத்தில் நாலு நாலரை. ஆக ஒரே ஆள் ஐந்து நிமிடம் தொடர்ந்து சோலோ வாசித்தால் அது நேரடி நிகழ்ச்சியாக இருக்கும், அல்லது 1948-இல் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் தட்டு) வந்ததற்குப் பிந்தையதாக இருக்கும். ஸ்டீரியோ எல்.பி. கடைக்கு வந்தது 1958-இல்.

ஸ்டீரியோ என்றதும் நம்பிவிடாதீர்கள். 1960-களில் பழைய மோனோ பதிவுகளைச் செயற்கையாக இரண்டு பக்கமாகப் பிரித்து விற்றார்கள். இடது தடத்தைத் தலைகீழாக்கி வலதோடு கூட்டிப் பாருங்கள். அசல் மோனோ மொத்தமும் மறைந்துவிடும். செயற்கை ஸ்டீரியோவில் குழம்பிய மிச்சம் ஒன்று கேட்கும், ஆனால் அதில் எந்தக் கருவியும் தனியாக நிற்காது.

#5 சீவாளி

என் ஊகங்கள்.

ட்ராக் 1: ★★★½. டெனர் சாக்ஸ் லெஸ்டர் யங். காற்று லேசாக இறங்குகிறது, நடுக்கம் கிட்டத்தட்ட இல்லை. ஒரே சுரத்தை இரண்டு விரல் வைப்பில் மாற்றி மாற்றி ஊதி நிறம் காட்டுகிறார். கேட்டதும் அவர்தான்.

ட்ராக் 2: ★★★. பியானோ ட்ரையோ (பியானோ, பேஸ், ட்ரம்ஸ்). தெலோனியஸ் மங்க். மேற்கொண்டு எழுத நம் 'இடதுகை' வருவார்.

ட்ராக் 3: ★★★★★. 'இன் எ சென்டிமென்டல் மூட்' என்பது முதல் வரியிலேயே தெரிகிறது, டியூக் எலிங்டனின் மெட்டு. கருவி சொப்ரானோ சாக்ஸ். ஜான் கோல்ட்ரேன் இல்லை என்பது மட்டும் உறுதி. அவர் சொப்ரானோவில் மூக்கொலி தூக்கலாக இருக்கும், மேல் ஸ்தாயியில் துளைக்கும். இதில் ஓபோ மாதிரி ஒரு கருமை இருக்கிறது.

ட்ராக் 4: ★★★★½. ட்ரம்பெட் ஃப்ரெடி ஹப்பர்ட். டெனர் ஹேங்க் மோப்லி.

ட்ராக் 5: ★★★★★. பேஸ் கிளாரினெட், துணை யாரும் இல்லை. பெயர் தெரியும் என்று நினைக்கிறேன், ஆனாலும் ஊகமாகவே எழுதுகிறேன்: எரிக் டால்ஃபி.

ட்ராக் 6: ★★★★. டெனர் கோல்மன் ஹாக்கின்ஸ், 1930-களின் கடைசி.

#6 ரைடு சிம்பல்

ட்ராக் 1 (★★★★½) லெஸ்டர் இல்லை என்று சொல்லத் துணிகிறேன். ரிதம் செக்ஷனை (தாளத்தைத் தாங்கும் பியானோ, கிட்டார், பேஸ், ட்ரம்ஸ்) கேளுங்கள். கிட்டார் மின்சாரம் இல்லாதது, ஒரு பாருக்கு (நாலு அடி கொண்ட தாள அளவுக்கு) நாலு வெட்டு, ஒவ்வொன்றும் பிறந்த இடத்திலேயே அடங்குகிறது. அது ஃப்ரெடி கிரீன், சந்தேகமே இல்லை. ஹை-ஹேட்டின் அந்தப் பட்டுச் சரசரப்பு ஜோ ஜோன்ஸ். கவுன்ட் பேஸி இசைக்குழுவின் பழைய ரிதம் செக்ஷன்தான். ஆனால் ஒலி 1938-இன் ஒலி அல்ல. சிம்பலின் வால் முழுசாகக் கேட்கிறது, பேஸ் தந்தி விரலில் உரசுவது கேட்கிறது, 78 தட்டில் அடங்காத நீளம். மோனோ. 1955-க்கும் 58-க்கும் நடுவே வைக்கிறேன்.

இங்கேதான் சிக்கல். 1950-களின் நடுவில் லெஸ்டர் யங் இப்படி வாசிக்கவில்லை. அப்போது அவர் ஒலி கனத்து, மூச்சு கலந்து, சொற்றொடர்கள் குறுகிப்போயிருந்தன. இதில் 1938-இன் லெஸ்டர் 1957-இன் மைக் முன்னால் நிற்கிறார். அப்படி ஒருவர் இருக்க முடியாது. எனவே இது லெஸ்டரின் பழைய பாணியை விடாமல் வைத்திருந்த வேறொருவர்.

#7 சீவாளி

ஒப்புக்கொள்கிறேன், சாக்ஸை மட்டும் கேட்டு முடிவு கட்டிவிட்டேன். அப்படியானால் "வைஸ் பிரெஸ்" என்று பெயர் வாங்கிய பால் குவினிஷெட். லெஸ்டர் "பிரெஸ்" என்பதால் வந்த பட்டப்பெயர் அது. மறுபடி கேட்டால் வித்தியாசம் தெரிகிறது. லெஸ்டர் ஒரு சொற்றொடரை பார் எல்லையைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய் எதிர்பாராத அடியில் விடுவார். இவர் பெரும்பாலும் நாலு பார், நாலு பாராகவே முடிக்கிறார்.

#8 இடதுகை

ட்ராக் 2: ★★★★★. மங்க் என்று தோன்றுவதற்குக் காரணம் புரிகிறது. கார்ட்கள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்) கோணல், மெட்டு நேராக நடக்க மறுக்கிறது. ட்ரம்ஸ் பிளேக்கி, அவர் மங்க்கோடு ட்ரையோவில் வாசித்தவர்தான். ஆனால் மங்க்கிடம் மூன்று அடையாளம் உண்டு. மேலிருந்து கீழே சரியும் முழுச்சுர ஓட்டம். பக்கத்துப் பக்கத்து இரண்டு கட்டைகளை ஒன்றாக அமுக்கி ஒன்றை விட்டுவிடுவது. இடது கை முழுசாகப் பேசாமல் நிற்கும் இடைவெளி. இந்த ட்ராக்கில் மூன்றும் இல்லை. இடது கை ஓயாமல் நகர்கிறது. வலது கையில் ஓட்டம் நீளம், தொடுகை லேசு. மங்க் கட்டையைத் தட்டுவார், இவர் அழுத்துகிறார்.

இன்னொன்று. மெட்டிலேயே ட்ரம்ஸுக்கென்று இடம் விட்டு எழுதியிருக்கிறது. அந்த இடங்களில் பிளேக்கி நிரப்பவில்லை, மெட்டின் ஒரு பகுதியாகவே அடிக்கிறார். அப்படி எழுதியவர் ஹெர்பி நிகல்ஸ். எல்மோ ஹோப்பாக இருக்குமோ என்றும் யோசித்தேன், ஆனால் ஹோப்பின் வலது கை இன்னொரு பியானோக்காரர் பட் பவலுக்கு இதைவிட நெருக்கம்.

ட்ராக் 3: ★★★★½. பியானோ ஹேங்க் ஜோன்ஸ். கார்ட்டின் நடுச் சுரங்கள் நகர, வெளிச் சுரங்கள் அசையாமல் நிற்கின்றன. அத்தனை அமைதியாக அதைச் செய்பவர்கள் குறைவு. சொப்ரானோ பற்றி சொல்லத் தெரியவில்லை.

ட்ராக் 5: தெரியும்.

#9 பழந்தட்டு

ட்ராக் 2-க்கு ★★. மெட்டு ஊன்றுவதற்குள் அடுத்த மெட்டு வந்துவிடுகிறது, என் காதுக்கு ஓய்வே இல்லை. பெயர் நிகல்ஸ் என்றால்கூட அதே இரண்டுதான்.

ட்ராக் 6: ★★★★★. சீவாளி, ஹாக்கின்ஸ் ஊகத்தை ஒரு நாள்காட்டி கெடுக்கிறது. ஹாக்கின்ஸ் 1934-இல் ஐரோப்பாவுக்குப் போனார், 1939-இல்தான் அமெரிக்கா திரும்பினார். இந்த ட்ராக்கின் ட்ரம்மர் சிட் கேட்லட் என்பது என் எண்ணம். ரிம்ஷாட்கள் (தோலையும் விளிம்பையும் சேர்த்து அடிப்பது) அளந்து வைத்த மாதிரி, ஒன்றுகூட வீண் இல்லை. ட்ரம்பெட் ராய் எல்ட்ரிஜ், மேல் ஸ்தாயியில் அந்தக் கரகரப்பு வேறு யாருக்கும் வராது. இவர்களோடு நியூயார்க்கில் 1937, 38-இல் ஹாக்கின்ஸ் மாதிரி கார்ட்களை ஏறி இறங்கி ஊதியவர் யார்? சூ பெரி. ஹாக்கின்ஸைவிட அவர் ஓட்டம் வேகம், மூச்சு விடும் இடம் குறைவு. பென் வெப்ஸ்டர் என்றால் சுரத்தின் முடிவில் காற்று கசிந்திருக்கும், இதில் இல்லை.

மெட்டு புதிதாகத் தோன்றும், ஆனால் அஸ்திவாரம் 'ஸ்வீட் ஜார்ஜியா பிரவுன்'. கண்டுபிடிப்பது எளிது: 32 பார், ஒவ்வொரு டாமினன்ட் கார்ட்டும் (அடுத்த கார்ட்டை நோக்கி இழுக்கும் கார்ட்) நாலு பார் முழுக்க அசையாமல் நின்று, பிறகுதான் அடுத்ததற்கு நகரும். அவ்வளவு மெதுவாக நடக்கும் கார்ட் வரிசைகள் அந்தக் காலத்துப் பாட்டுகளில் கொஞ்சம்தான்.

இன்னொரு சந்தேகம், ஒலிநாடா: இந்தப் பிரதியின் வேகம் சரியா? பியானோவின் சுருதி ஏறக்குறைய கால் சுரம் மேலே நிற்கிறது.

#10 புதுக்காது

பேஸ் கிளாரினெட்டையும் பாரிடோன் சாக்ஸையும் எப்படிப் பிரிப்பது? ட்ராக் 5-ஐ பாரிடோன் என்று எழுதி வைத்திருந்தேன். என் நட்சத்திரம் ★★. துணையில்லாமல் இவ்வளவு நேரம் கேட்பது எனக்குக் கடினமாக இருந்தது.

#11 சீவாளி

அடிமட்டச் சுரத்தை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே ஆழம் வரை இறங்கும். தாவலைக் கேளுங்கள். சாக்ஸஃபோன் கூம்பு வடிவம், அழுத்தி ஊதினால் ஒலி ஒரு ஸ்தாயி தாவும். கிளாரினெட் நேர்க்குழல், ஒரு முனை மூடியது. அதனால் ஒற்றைப்படை ஹார்மானிக்கே (அடிச் சுரத்தோடு எழும் மேற்சுரமே) பலமாக எழும், தாவல் ஒரு ஸ்தாயியையும் தாண்டி அதற்கு மேலுள்ள ஐந்தாம் சுரத்தில் போய் நிற்கும். ட்ராக் 5-இன் தொடக்கத்தில் கார்ட் சுரங்கள் கீழிருந்து மேலும் மேலிருந்து கீழுமாக அலையடிக்கின்றன அல்லவா, அங்கே கீழ்ச் சுரங்கள் உள்ளீடற்ற மரம் மாதிரி ஒலிக்கும், மேலே போனதும் நிறமே மாறும். பாரிடோனில் அடியிலிருந்து நுனி வரை ஒரே பித்தளை நிறம்தான். ஹாரி கார்னியோ பெப்பர் ஆடம்ஸோ வாசித்த எதையாவது பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும்.

அதேபோல ஏமாற்றும் ஜோடிகள் வேறு சில: மேல் ஸ்தாயியில் டெனர் சாக்ஸும் ஆல்டோ சாக்ஸும், ஃப்ளூகல்ஹார்னும் மெதுவாக ஊதிய ட்ரம்பெட்டும், வால்வ் டிராம்போனும் சறுக்கு டிராம்போனும். கடைசி ஜோடிக்கு ஒரு வழி: சுரத்துக்குச் சுரம் வழுக்கல் இல்லாமல் படி படியாக இறங்கினால் வால்வ்.

#12 ரைடு சிம்பல்

ட்ராக் 4 (★★★★). ட்ரம்பெட் ஹப்பர்ட் என்பதில் எனக்கும் சம்மதம், மிக இளம் வயதில். பியானோவும் காற்றுக் கருவிகளும் நிற்கும் விதமும், பியானோ ஒரு பெட்டிக்குள் இருப்பது போன்ற ஒலியும் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் கைவேலை. அவர் நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையை விட்டு எங்கிள்வுட் கிளிஃப்ஸின் உயர்ந்த கூரைக்குப் போனது 1959 கோடையில். இதில் காற்றுக் கருவிகளுக்கு மேலே காற்று இருக்கிறது, ஆகவே அதற்குப் பின். ட்ராக் 1-ஐயும் 2-ஐயும் கேட்டுப் பாருங்கள், அங்கே கூரை காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பழைய வரவேற்பறை.

ஹப்பர்டின் முதல் ஆல்பம் 'ஓப்பன் செசமி', 1960 ஜூன் 19. அதில் டெனர் டீனா புரூக்ஸ். என் ஊகம் அந்த அமர்வு. மோப்லி என்றால் ஒலி இன்னும் உருண்டையாக, தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். இந்த டெனரில் ஒரு அழுகுரல் இருக்கிறது.

#13 இடதுகை

புரூக்ஸ் சரி, அமர்வு தவறு. 'ஓப்பன் செசமி'யில் பியானோ மெக்காய் டைனர். அந்த வயதிலேயே அவர் வலது கை பாய்ந்தோடும். இங்கே பியானோ சோலோவில் சுரங்கள் எண்ணி வைத்த மாதிரி. ஒவ்வொரு வரியும் யாரோ பாடக்கூடியது, இடது கை தேவைப்பட்டபோது மட்டும் ஒரு கார்ட். டியூக் ஜோர்டன். எனவே இது புரூக்ஸின் பெயரில் வந்த 'ட்ரூ புளூ'. ★★★★.

#14 ஒலிநாடா

எல்லாரும் எழுதியாகிவிட்டது, விடைகள் இதோ.

ட்ராக் 1: பால் குவினிஷெட், 'ராக்-எ-பை பேஸி', 'ஃபார் பேஸி' ஆல்பத்திலிருந்து, 1957 அக்டோபர் 18, ஹேக்கன்சாக். ட்ரம்பெட் ஷேட் காலின்ஸ், பியானோ நேட் பியர்ஸ், கிட்டார் ஃப்ரெடி கிரீன், பேஸ் வால்டர் பேஜ், ட்ரம்ஸ் ஜோ ஜோன்ஸ். பேஸியின் மூல ரிதம் செக்ஷனில் மூவர் இதில் இருக்கிறார்கள். வால்டர் பேஜ் அதே டிசம்பரில் இறந்துவிட்டார். அந்த பேஸ் நடையைக் காது கொடுத்துக் கேட்க இதைவிடத் தெளிவான பதிவுகள் குறைவு.

ட்ராக் 2: ஹெர்பி நிகல்ஸ், 'தி தேர்ட் வேர்ல்ட்', 1955 மே 6. பேஸ் அல் மெக்கிபன், ட்ரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. மங்க் என்று முதலில் நினைக்காதவர் இருக்க மாட்டார் என்பதால்தான் இதை வைத்தேன்.

ட்ராக் 3: லக்கி தாம்சன், 1964 செப்டம்பர், 'லக்கி ஸ்ட்ரைக்ஸ்' ஆல்பம். பியானோ ஹேங்க் ஜோன்ஸ், பேஸ் ரிச்சர்ட் டேவிஸ், ட்ரம்ஸ் கானி கே. டெனரில் பெயர் பெற்ற இவரை சொப்ரானோவில் யாரும் ஊகிக்கவில்லை. அடையாளம் இதுதான்: சுரம் நேராகப் பிறந்து நேராக நிற்கும், நடுக்கம் வால்பகுதியில் மட்டும். சொப்ரானோவில் சிட்னி பெஷே என்றால் தொடக்கத்திலேயே அகலமான நடுக்கம். ஸ்டீவ் லேசி என்றால் கடைசிவரை நடுக்கமே இருக்காது.

ட்ராக் 4: டீனா புரூக்ஸ், 'குட் ஓல்ட் சோல்', 1960 ஜூன் 25. ஹப்பர்ட், டியூக் ஜோர்டன், சாம் ஜோன்ஸ், ஆர்ட் டெய்லர். ரைடு சிம்பல் ஆறே நாள் வித்தியாசத்தில் தவறவிட்டார்! இடதுகை பியானோவை வைத்து அமர்வைத் திருத்தியது இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஊகம். புரூக்ஸின் பெயரில் அவர் உயிரோடிருந்தபோது வெளிவந்த ஆல்பம் இந்த 'ட்ரூ புளூ' ஒன்றுதான்.

ட்ராக் 5: எரிக் டால்ஃபி, 'காட் பிளஸ் தி சைல்ட்', நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப், 1961 ஜூலை 16.

ட்ராக் 6: சூ பெரியின் லிட்டில் ஜாஸ் குழு, 'ஃபார்ட்டி சிக்ஸ் வெஸ்ட் ஃபிஃப்டி டூ', 1938 நவம்பர், கமடோர் லேபிள். ராய் எல்ட்ரிஜ், கிளைட் ஹார்ட், டேனி பார்க்கர், ஆர்ட்டி ஷபிரோ, சிட் கேட்லட். பழந்தட்டு டெனர், ட்ரம்பெட், ட்ரம்ஸ், கார்ட் வரிசை நான்கையும் பிடித்துவிட்டார்.

எல்ட்ரிஜ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்கட்டிக் கேட்கும் இந்தச் சோதனையை ஜாஸ் விமர்சகர் லியோனர்ட் ஃபெதர் 1946-இல் 'மெட்ரோனோம்' இதழில் தொடங்கி, 1951-இல் 'டவுன்பீட்'டுக்குக் கொண்டுபோனார். வாசிப்பவர் வெள்ளையரா கறுப்பரா என்று கேட்டே சொல்லிவிடலாம் என்று எல்ட்ரிஜ் உறுதியாக நம்பினார். ஃபெதர் தட்டுகளைப் போட்டுக்காட்ட, பலமுறை தவறி, அப்படிச் சொல்ல முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஊகத்துக்கு வந்த வழியை எழுதச் சொல்வது இதற்காகத்தான். எழுதினால்தான் எந்த இடத்தில் கேட்டோம், எந்த இடத்தில் முன்முடிவை வைத்து நிரப்பினோம் என்பது தெரியும்.

#15 ஒலிநாடா

நட்சத்திரக் கணக்கு. தனியே எனக்கு அனுப்பியவையும் சேர்த்து. நடு எண் என்பது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது.

ட்ராக் 1: 3½, 4, 4½, 3, 4. நடு எண் 4.
ட்ராக் 2: 3, 2, 4½, 5, 2. நடு எண் 3.
ட்ராக் 3: 5, 4, 3½, 4½, 4½. நடு எண் 4½.
ட்ராக் 4: 4½, 3, 4, 4, 4. நடு எண் 4.
ட்ராக் 5: 5, 1½, 4½, 2. இடதுகை முன்பே அறிந்ததால் அவருடையதைச் சேர்க்கவில்லை.
ட்ராக் 6: 4, 5, 4½, 3½, 3½. நடு எண் 4.

சராசரி போடாததற்குக் காரணம், ஐந்து பேர் உள்ள இடத்தில் ஒருவரின் ஒன்றரை நட்சத்திரம் எல்லாரையும் கீழே இழுத்துவிடும். ஆனால் ட்ராக் 5-க்கு நடு எண்ணும் பொய் சொல்லும். கணக்குப்படி 3¼ வரும், ஆனால் மூன்றைச் சுற்றி யாருமே நட்சத்திரம் போடவில்லை. இரண்டு பேர் கொண்டாடியிருக்கிறார்கள், இரண்டு பேர் தள்ளியிருக்கிறார்கள். இப்படிப் பிளவுபடும் ட்ராக்குக்கு ஒரே எண் கொடுக்கவே கூடாது, நாலையும் அப்படியே போடுவதுதான் நேர்மை.

#16 புதுக்காது

டால்ஃபி என்று தெரிந்த பிறகு மறுபடி கேட்டேன், இப்போது மூன்றரை தரத் தோன்றுகிறது. மாற்றலாமா?

#17 பழந்தட்டு

மாற்ற வேண்டாம். நானும் ஒன்றரையை மாற்றப்போவதில்லை. விடைக்கு முன்னால் வந்த எண்ணையும் விடைக்குப் பின்னால் வந்த எண்ணையும் இரண்டு வரியாக எழுதுங்கள், இரண்டும் பயன்படும். பெயர் தெரிந்ததும் ஒன்றரை நட்சத்திரம் ஏறியது என்றால், அதில் எவ்வளவு இரண்டாம் முறை கேட்டதால், எவ்வளவு டால்ஃபியின் பெயரால் என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த சுற்றில் எல்லா ட்ராக்குகளையும் ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு முறை கேட்டுவிட்டே முதல் எண்ணைப் போடுங்கள். மெட்டு எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்பது பழகாமல் போடும் நட்சத்திரம் பெரும்பாலும் அறிமுகமில்லாமையைத்தான் அளக்கும். ட்ராக் 2-இல் எனக்கே அது நடந்திருக்கலாம்.

ஒலிநாடா, வேகக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

#18 ஒலிநாடா

நீங்கள் சொன்னது சரி. தட்டிலிருந்து எடுத்த என் பிரதி வேகமாக ஓடியிருக்கிறது. கால் சுரம் என்றால் 2.9 சதவீதம். நிமிடத்துக்கு 76 சுற்றில் வெட்டிய தட்டை 78.26-இல் ஓட்டினால் ஏறக்குறைய இதே அளவு உயரும். மூன்று நிமிடத் தட்டில் ஐந்து நொடி குறையும். முழு அரைச்சுரம் ஏறியிருந்தால் ஏறக்குறைய 6 சதவீதம், பத்து நொடி.

கண்டுபிடிக்கும் வழி, மற்றவர்களுக்கும் உதவும்: காற்றுக் கருவிகளை ஊதியபடி சுருதி மாற்ற முடியும் என்பதால் அவற்றை நம்பாமல், பியானோவின் நடு ஸ்தாயியில் நீண்டு ஒலிக்கும் ஒரு சுரத்தை ட்யூனரில் வையுங்கள். பியானோவே 440 ஹெர்ட்ஸில் (ஏ சுரத்தின் வழக்கமான அளவு) இல்லாமல் இருந்திருக்கலாம், அதனால் இது முதல் தடயம் மட்டும். அடுத்து, அமெரிக்கப் பதிவில் 60 ஹெர்ட்ஸ் மின் ரீங்காரம் பதிவாகியிருந்தால் ஸ்பெக்ட்ரத்தில் தேடுங்கள். அது 61.8 அருகே நின்றால் வேகம் கூடியிருக்கிறது. சரியாக 60-இல் நின்றால் வேகம் சரியாக இருக்கலாம், அல்லது ரீங்காரம் தட்டிலிருந்து வராமல் பிரதி எடுத்த கருவியிலிருந்து வந்திருக்கலாம். கடைசியாக, மெட்டு எந்த சுருதியில் இருக்கிறது என்று பாருங்கள். ட்ரம்பெட்டும் டெனரும் உள்ள குழு பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட் என்றுதான் பெரும்பாலும் வாசிக்கும். ஈ-யிலோ பி-யிலோ இருப்பதாகக் காட்டினால் தட்டின் வேகத்தைச் சந்தேகியுங்கள்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'வின் முதல் மூன்று ட்ராக்குகள், 1959 மார்ச் 2-இல் பதிவானவை, நாடா இயந்திரம் மெதுவாக ஓடியதால் தட்டில் சுருதி கூடியே வந்தன. 1990-களின் மறுவெளியீடுகளில்தான் சரிசெய்தார்கள். கூடவே வாசித்துப் பழகியவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

வேகத்தைத் திருத்தும்போது சுருதியை மட்டும் இறக்கும் கருவியைத் தொடாதீர்கள், அது நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு சிம்பலைச் சேறாக்கிவிடும். சுருதியும் நேரமும் சேர்ந்து மாறும் வேக மாற்றத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். அப்படித் திருத்திய ட்ராக் 6-ஐ "6-பி" என்று அதே தொகுப்பில் சேர்த்துவிட்டேன். சூ பெரியின் டெனர் ஒரு சுற்று பருத்துக் கேட்கும், கேட்லட்டின் ரிம்ஷாட் சற்றே கீழிறங்கும். பழைய 6-ஐயும் விட்டுவைத்திருக்கிறேன், இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.

#19 பழந்தட்டு

கேட்டேன். இப்போது டேனி பார்க்கரின் கிட்டார் வெட்டு தனியாகக் கேட்கிறது, வேகம் கூடிய பிரதியில் அது ஹை-ஹேட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஐந்து நட்சத்திரம் அப்படியே இருக்கட்டும்.